ஸ்பெயினில் குகை வீடு எடுத்துத் தங்கலாமா? குடும்பத்தோடு போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஸ்பெயினின் தெற்கே, கிரானடா மாகாணத்தின் வடகிழக்கு மூலையில் குவாடிக்ஸ், பாசா, கலேரா, ஓர்சே என்று சில ஊர்கள் இருக்கின்றன. அங்கே களிமண் குன்றைக் குடைந்து செய்த வீடுகளில் மக்கள் இன்றும் குடியிருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கும் விடுகிறார்கள். நாங்கள் மூன்று முறை போய்வந்தோம்: ஒரு ஆகஸ்டில், ஒரு அக்டோபரில், ஒரு பிப்ரவரியில். வந்ததும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன்.

குகை வீடு என்றால் நிஜமாகவே குகைதானா?

ஆமாம். ஆனால் வௌவால் தொங்குகிற முனிவர் குகை இல்லை. தெருவிலிருந்து பார்த்தால் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர், ஒரு கதவு, ஒன்றிரண்டு ஜன்னல், வாசலில் பூத்தொட்டி. சாதாரண வீடு மாதிரிதான் தெரியும். கூரை எங்கே என்று நிமிர்ந்தால் கூரை இருக்காது, குன்றுதான் இருக்கும். குன்றின் மேல் அங்கங்கே வெள்ளைப் புகைபோக்கிகள் நிற்கும். குளிர்கால மாலையில் குன்றே அடுப்பு மூட்டிச் சமைக்கிற மாதிரி மண்ணிலிருந்து புகை கிளம்பும்.

உள்ளே மின்சாரம், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், வெந்நீர் ஷவர் எல்லாம் உண்டு. வித்தியாசம் சுவரில்தான். எந்த மூலையும் நேர் மூலை கிடையாது. கலேராவில் நாங்கள் இருந்த வீட்டில் துணி அலமாரியின் மேல்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் விலகி நின்றது. கீழே அட்டையை மடித்து முட்டுக்கொடுத்திருந்தார்கள். சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் குந்தாலி கொத்திய தடங்கள் அப்படியே இருந்தன. படுத்துக்கொண்டே என் மகன் அந்தப் பள்ளங்களில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தான்.

கூடமும் சமையலறையும் பொதுவாக வாசல் பக்கம் இருக்கும், அவற்றுக்கு ஜன்னல் உண்டு. படுக்கையறைகள் உள்ளே, ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும். பெரும்பாலும் அவற்றுக்கு ஜன்னல் இல்லை. பழைய பாணி வீடுகளில் அறைக்கு அறை கதவுக்குப் பதில் திரைதான், காற்று உள்ளே போய் வர வேண்டும் என்பதற்காக.

யார் குடைந்தார்கள்? எதற்காக?

இந்தப் பகுதி முழுக்க ஒரு காலத்தில் ஏரி. கடலுக்குப் போக வழியில்லாமல் தண்ணீர் இங்கேயே தேங்கி, வண்டல் அடுக்கடுக்காகப் படிந்தது. சுமார் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் குவாதல்கிவிர் ஆற்றின் கிளைகள் இந்தப் படுகையை உடைத்துக்கொண்டு போனபிறகு நீர் வடிந்தது. அதன்பின் மழை அரித்து அரித்து இன்றைய பள்ளத்தாக்குகளும் குன்றுகளும் உருவாயின. 2020-இல் இந்த நிலப்பகுதியை யுனெஸ்கோ உலக நிலவியல் பூங்காவாக அறிவித்தது.

அந்தக் களிமண்ணுக்கு ஒரு குணம் உண்டு. குந்தாலிக்கு இளகிக் கொடுக்கும், காற்றுப் பட்டதும் இறுகிவிடும். மரமும் கல்லும் வாங்கக் காசில்லாதவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஸ்பெயினின் தெற்கை ஆண்ட முஸ்லிம்களான மூர்கள் காலத்திலேயே இங்கே குகைகள் இருந்தன. 1489-இல் குவாடிக்ஸும் பாசாவும் கத்தோலிக்க மன்னர்கள் கைக்குப் போனபிறகு, ஊருக்குள் இடமில்லாமல் போனவர்களும் ஏழை விவசாயிகளும் குன்றுகளை நோக்கி நகர்ந்தார்கள். 16-ஆம் நூற்றாண்டிலிருந்து குகைக் குடியிருப்புகள் பெருகின.

குகை வெட்டுவதற்கென்றே கைதேர்ந்தவர்கள் இருந்தார்கள். முதலில் சரிவைச் செங்குத்தாகச் செதுக்கி, அந்த மண்ணைக் கொண்டே முன்னால் ஒரு முற்றம் அமைப்பார்கள். அந்த முற்றத்துக்கு ‘பிளாசெத்தா’ என்று பெயர். நம் திண்ணையும் களமும் சேர்ந்த மாதிரி ஓர் இடம். பிறகு வாசல், அதன் பின்னால் வில் வளைவாக ஒவ்வோர் அறை. பிள்ளை பிறந்து இடம் போதவில்லை என்றால் உள்ளே இன்னும் ஓர் அறை வெட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

1960-களில் பார்சலோனாவுக்கும் ஜெர்மனிக்கும் வேலை தேடி நிறையப் பேர் கிளம்பிவிட, பல குகைகள் பூட்டிக் கிடந்தன. இப்போது வாடகைக்குக் கிடைப்பவற்றில் பல அப்படிக் கிடந்து, பின்னால் சரிசெய்யப்பட்டவை.

வெயில் காலத்தில் ஏசி வேண்டாம் என்கிறார்களே, நம்பலாமா?

நம்பலாம். உள்ளே வருடம் முழுக்கச் சுமார் 18 முதல் 20 டிகிரி. தலைக்கு மேலே சில மீட்டர் மண். வெளியே அடிக்கிற வெயில் அதைத் தாண்டி இறங்குவதற்குள் பருவமே மாறிவிடும். ஆகஸ்டில் நாங்கள் போனபோது பகலில் வெளியே 38 டிகிரி. உள்ளே போர்வை இல்லாமல் தூங்க முடியவில்லை. மதுரையிலிருந்து வந்திருந்த என் அம்மா, ஐரோப்பாவின் கொளுத்தும் கோடையில், மத்தியானம் இரண்டு மணிக்கு ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருந்தார்.

குளிர்காலக் கணக்கு கொஞ்சம் வேறு. குவாடிக்ஸ் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. பிப்ரவரி இரவில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழே போகும். உள்ளே 18 என்று கேட்க இதமாக இருக்கும், ஆனால் அசையாமல் உட்கார்ந்து புத்தகம் படிக்க 18 போதாது. அதோடு, ஆள் இல்லாமல் வாரக்கணக்கில் பூட்டிக் கிடந்த குகை அந்த 18-க்கு வரவே ஓரிரு நாளாகும். நாங்கள் போன முதல் இரவு ஜில்லென்று இருந்தது, மூன்றாம் நாள் வீட்டைச் சூடாக்கும் விறகு ஸ்டவை மூட்டத் தேவையே இல்லை. குளிர்காலத்தில் போவதானால், ஒருநாள் முன்னாடியே ஹீட்டரையோ ஸ்டவையோ போட்டு வைக்கச் சொல்லிவிடுங்கள். இரண்டு இரவுக்கு மட்டும் குளிர்காலக் குகை வேண்டாம்.

எந்த ஊரில் எடுப்பது?

குவாடிக்ஸ் ஒரு நகரம். சுமார் 2,000 குகை வீடுகள், கதீட்ரல், ரயில் நிலையம், சூப்பர் மார்க்கெட், மருத்துவமனை எல்லாம் நடந்தோ பத்து நிமிடம் காரில் போயோ கிடைக்கும். கிரானடாவிலிருந்து முக்கால் மணி நேரம்தான். முதல்முறை போகிறவர்களுக்கு, சின்னக் குழந்தை இருப்பவர்களுக்கு இதுதான் சௌகரியம்.

அமைதிதான் வேண்டும் என்றால் இன்னும் வடக்கே கலேரா, ஓர்சே, கஸ்தியேஹார் பக்கம் போங்கள். ஒரு மளிகைக் கடை, ஒரு பேக்கரி, இரண்டு மூன்று பார். அவ்வளவுதான் ஊர். என் ஓட்டு கலேராவுக்கு. குன்றின் மேல் வரிசை வரிசையாகக் குகைகள், கீழே ஆற்றோரம் காய்கறித் தோட்டங்கள், எதிரே வெறும் மண் மலைகள். மாலை வெயிலில் அந்த மலைகள் மஞ்சள், இளஞ்சிவப்பு, சாம்பல் என்று மாறிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு பிளாசெத்தாவில் நாற்காலி போட்டு உட்கார்வதுதான் அங்கே முழுநேர வேலை.

கிரானடா நகரத்துக்குள்ளேயே சாக்ரோமோந்தே என்ற குன்றில் குகைகள் உண்டு. ஃபிளமெங்கோ நடனம் பார்க்க, அல்ஹம்ப்ரா அரண்மனையை எதிரே பார்த்தபடி ஓர் இரவு தங்க நன்றாக இருக்கும். ஆனால் நடுராத்திரி வரை கைதட்டலும் கிதாரும் கேட்கும். அமைதி தேடிப் போகிறவர்களுக்கு அது இல்லை.

கார் இல்லாமல் போக முடியுமா?

குவாடிக்ஸுக்கு முடியும். கிரானடா–அல்மேரியா ரயில் அங்கே நிற்கும், பேருந்தும் உண்டு. கலேரா மாதிரி ஊருக்குக் கார் இல்லாமல் போனால் பேருந்து நேரத்துக்குத்தான் வாழ வேண்டியிருக்கும். மலகா விமான நிலையத்தில் இறங்கிக் கார் எடுத்தால் குவாடிக்ஸ் இரண்டு மணி நேரத் தூரம். கிரானடாவிலும் அல்மேரியாவிலும் சின்ன விமான நிலையங்கள் உண்டு, ஆனால் மலகாவுக்குத்தான் விமானங்கள் அதிகம். இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்திருக்க வேண்டும். 135 செ.மீ. உயரம் தாண்டாத பிள்ளைகளுக்குக் குழந்தை இருக்கை கட்டாயம்.

அப்புறம் ஒன்று. குகைத் தெருக்கள் கழுதைக்குப் போட்டவை. வழிகாட்டும் செயலிக்கு அது தெரியாது. எங்களை ஒரு சந்துக்குள் கொண்டுபோய், இரண்டு பக்கமும் கண்ணாடியை மடக்கினால்தான் நகர முடியும் என்ற நிலையில் நிறுத்தியது. ஒரு தாத்தா நாற்காலியை விட்டு எழுந்து வந்து, சுவருக்கும் காருக்கும் நடுவே கையை வைத்து அளந்து அளந்து பின்னால் வரச் செய்தார். அதிலிருந்து, “காரை எங்கே நிறுத்த வேண்டும்? அங்கிருந்து எத்தனை படி ஏற வேண்டும்?” என்று வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுகிறோம்.

பதிவு செய்வதற்கு முன் வேறு என்னவெல்லாம் கேட்க வேண்டும்?

எத்தனை படுக்கையறைக்கு ஜன்னல் இருக்கிறது என்பது முதல் கேள்வி. படங்களை நம்ப வேண்டாம்; எல்லா அறையிலும் விளக்கைப் போட்டுத்தான் எடுத்திருப்பார்கள். அடுத்து, இன்னோர் அறைக்குப் போகிறவர்கள் உங்கள் அறை வழியாக நடக்க வேண்டியிருக்குமா என்பது. இரண்டு குடும்பமாகப் போகிறவர்கள் இதைக் கேட்க மறந்தால் முதல் இரவே வருந்துவார்கள். குளியலறை எந்தப் பக்கம் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். நடுராத்திரியில் மாமியார் கட்டிலைத் தாண்டித்தான் பாத்ரூமுக்குப் போக வேண்டும் என்ற நிலை எங்களுக்கு வந்தது.

விறகு வாடகையில் சேருமா, தனிக் கணக்கா என்று கேளுங்கள். வைஃபை எல்லா அறைக்கும் எட்டுகிறதா? தடித்த மண் சுவர் வழியாக அலை போகாது. முன்னறையில் இருக்கும் ரௌட்டர் மூன்றாவது அறைக்கு ஒன்றும் செய்யாது. மொபைல் சிக்னலும் உள்ளே செத்துவிடும். வேலை செய்துகொண்டே விடுமுறை என்று நினைப்பவர்கள் வாசல் அறையில் மேசை போட்டுக்கொள்ள வேண்டும்.

விளம்பரத்தில் சுற்றுலாப் பதிவு எண் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத வீடு சல்லிசாக வந்தாலும் நான் எடுக்க மாட்டேன். வீட்டுக்காரர் பெரியவர்களின் பாஸ்போர்ட் விவரங்களையும் முகவரியையும் கேட்பார். 2024 டிசம்பரிலிருந்து இந்த விவரங்களைக் காவல் துறைக்கு அனுப்ப வேண்டும் என்பது அங்கே நடைமுறை. சந்தேகப்பட வேண்டாம்.

ஈரம் ஓதம் அடிக்காதா?

நல்ல குகையில் அடிக்காது. இந்தக் களிமண்ணில் தண்ணீர் இறங்காது, சரிவில் ஓடிவிடும். அதனால்தான் குகைக்காரர்கள் கூரைக் குன்றில் செடி முளைத்தால் பிடுங்கிவிடுகிறார்கள். வேர் போன வழியில் தண்ணீர் இறங்கும் என்று பயம். உள்ளே சுண்ணாம்புதான் அடிப்பார்கள். சுண்ணாம்புக்குள் காற்று போய் வரும். நம் பாட்டி வீட்டுச் சுவர் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்தே நூறு வருடம் நின்றது மாதிரிதான். பளபளப்பாக இருக்கட்டும் என்று சிமெண்ட் பூசி பெயிண்ட் அடித்த குகைகளில்தான் ஓதம் உள்ளே மாட்டிக்கொண்டு, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக உரியும். முன்பு தங்கியவர்கள் எழுதியதில் ‘பூஞ்சை வாசனை’ என்று இரண்டு பேருக்கு மேல் சொல்லியிருந்தால் அடுத்த வீட்டைப் பாருங்கள். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இது முக்கியம்.

நீங்கள் செய்ய வேண்டியது: கோடையில் விடியற்காலையில் கதவைத் திறந்து காற்றாட விட்டு, பத்து மணிக்குள் சாத்திவிடுங்கள். மத்தியானச் சூட்டுக் காற்று உள்ளே வந்தால் குளிர்ந்த சுவரில் வேர்க்கும். துவைத்த துணியை உள்ளே காயப்போடாதீர்கள். பிளாசெத்தாவில் போட்டால் ஒரு மணி நேரத்தில் அப்பளம்.

நம் சமையல் செய்துகொள்ளலாமா?

செய்யலாம், ஆனால் சமையலறைக்கு ஜன்னல் இருந்தால். எங்கள் முதல் வீட்டில் சமையலறை இரண்டாவது அறை. ரசத்துக்கு நெய்யில் கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்தேன். புகை போக வழி தெரியாமல் ஒவ்வோர் அறையாகப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. இரண்டு நிமிடத்தில் குடும்பம் மொத்தமும் பிளாசெத்தாவில் நின்று இருமிக்கொண்டிருந்தது. பக்கத்துக் குகைப் பாட்டி என்னவோ ஏதோ என்று தண்ணீர் ஜாடியோடு ஓடிவந்தார். மறுநாளிலிருந்து தாளிப்புக்கு மட்டும் சின்ன மின் அடுப்பை வெளியே எடுத்துவந்துவிட்டோம். அது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று, தெருவே பழக்கமானது.

அரிசி, கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு மாதிரியான பயறு, தக்காளி, கத்தரிக்காய், பூண்டு, கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும். துவரம் பருப்பு, புளி, கறிவேப்பிலை, சாம்பார் பொடி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். குக்கர் இருக்காது, ஒரு சின்னது பெட்டியில் வைத்தால் நல்லது. கிராமக் கடை மத்தியானம் இரண்டு மணிக்குச் சாத்தினால் ஐந்துக்குத்தான் திறக்கும், ஞாயிறு கிடையாது. சனிக்கிழமை மறந்தால் திங்கள் வரை வெறும் ரொட்டிதான்.

வெளியே சாப்பிட்டால் சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். “சின் கார்னே, சின் ஹமோன், சின் அத்தூன்” என்று மூன்றையும் சொல்லுங்கள்: இறைச்சி வேண்டாம், பன்றித் தொடை வேண்டாம், சூரை மீன் வேண்டாம். முதலாவதை மட்டும் சொன்னால் மற்ற இரண்டும் காய்கறிக் கணக்கில் வந்துவிடும். உருளைக்கிழங்கு முட்டைத் தோசை, கரும்புப் பாகு ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், குளிர்ந்த தக்காளி ரசம் மாதிரியான காஸ்பாச்சோ ஆகியவை பாதுகாப்பானவை.

மீகாஸ் என்று ஒன்று உண்டு. ரவையையோ மாவையோ எண்ணெயில் பூண்டோடு நெடுநேரம் கிளறி உதிரியாக எடுப்பார்கள். அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, “இது உப்புமா. கடுகு போட மறந்துட்டாங்க” என்றார். மழை பெய்தால் இந்த ஊர்க்காரர்கள் மீகாஸ்தான் செய்வார்கள். தொட்டுக்கொள்ள வறுத்த மிளகாயோடு சாசேஜும் மத்தியும் வரும், அவற்றைத் தனித் தட்டில் கேளுங்கள். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இங்கத்திய செகுரா ஆட்டுக்கறி இருக்கிறது. நான் புகழ ஆரம்பித்தால் பக்கம் போதாது. இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்கு முன் கிடைப்பது கடினம், பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கே வீட்டில் ஏதாவது கொடுத்துவிடுங்கள்.

குழந்தைகளுக்குப் போரடிக்காதா? பத்திரமா?

போரடிக்கும் என்று நாங்களும் பயந்தோம். முதல் நாள் டார்ச் லைட்டோடு வீட்டுக்குள்ளேயே கண்ணாமூச்சி, இரண்டாம் நாள் பிளாசெத்தாவில் எறும்பு வரிசை. மூன்றாம் நாள் பக்கத்துக் குகைப் பேரப்பிள்ளைகளோடு பந்து. மொழி எதுவும் தேவைப்படவில்லை.

பத்திரம் என்று கேட்டால் மூன்று விஷயம். ஒன்று, குன்றின் மேல் ஏறி ஓட விடக்கூடாது. அது விளையாட்டு மைதானம் இல்லை, யாரோ ஒருவர் வீட்டுக் கூரை. புகைபோக்கி ஓரத்தில் மண் இளகியிருக்கலாம், விளிம்பில் தடுப்பும் இருக்காது. இரண்டு, பல பிளாசெத்தாக்களின் விளிம்பில் கைப்பிடிச் சுவர் கிடையாது. நடை பழகும் குழந்தை இருந்தால் வேலி போட்ட வீடாகப் பாருங்கள். மூன்று, இது தேள் இருக்கும் வறண்ட பூமி. செருப்பை வெளியே விட்டால் காலையில் தட்டிவிட்டுப் போடுங்கள். நம் ஊரில் சொல்லித் தர வேண்டியதில்லை. லண்டனில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும்.

வயதானவர்களை அழைத்துப் போகலாமா?

வீட்டைப் பொறுத்தது. அறைக்கு அறை ஒரு படி ஏறும் அல்லது இறங்கும், எல்லாம் ஒரே உயரத்திலும் இருக்காது. நிலைவாசல்கள் தாழ்வு. முட்டிவலி இருப்பவர்களுக்கு, தெருமட்டத்திலேயே வாசல் இருக்கிற குகை கிடைக்கிறது, தேட வேண்டும். இரவு பாத்ரூமுக்குப் போகும் வழியில் ஒரு சின்ன இரவு விளக்கு மாட்டிவிடுங்கள். அம்மாவுக்கு அதுதான் உயிர் காத்தது.

மூடிய இடம் என்றாலே எனக்கு மூச்சு முட்டும். சரிப்படுமா?

நேர்மையாகச் சொன்னால், சரிப்படாமல் போகலாம். ஜன்னல் இல்லாத அறையில் விளக்கை அணைத்தால் இருக்கும் இருட்டு, நாம் வீட்டில் இருட்டு என்று சொல்கிற இருட்டு இல்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். சத்தமும் இருக்காது, உங்கள் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்கும். முதல் நாள் காலையில் நான் விழித்தபோது மணி நான்கா பத்தா என்று தெரியவில்லை, பத்தே முக்கால். தூக்கம் வராமல் தவிக்கும் சிலருக்கு இது வரம். லிஃப்டில் ஏறவே யோசிக்கும் சிலருக்குத் தண்டனை. சந்தேகம் இருந்தால் வாசல் பக்கப் படுக்கையறை உள்ள வீடாகப் பாருங்கள், முதலில் இரண்டு இரவு மட்டும் எடுங்கள், அதுவும் வசந்த காலத்தில்.

இடிந்து விழுந்தால்? தீப்பிடித்தால்?

ஆள் குடியிருந்து, பராமரிக்கிற குகை தலைமுறை தலைமுறையாக நிற்கும். பயப்பட வேண்டியது மண்ணைப் பார்த்து இல்லை, அடுப்பைப் பார்த்துத்தான். விறகு ஸ்டவ் சரியாக எரியாமலோ புகைபோக்கி அடைத்தோ இருந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஜன்னல் இல்லாத அறையில் தூங்குகிறவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். அதைக் கண்டுபிடிக்கும் அலாரம் வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். ‘இருக்கும்’ என்று இழுத்தால், பேட்டரியில் ஓடும் ஒன்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போங்கள். உள்ளங்கை அளவுதான். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். கரி அடுப்பை உள்ளே கொண்டுபோகவே கூடாது. தூங்கப் போகும் முன் ஸ்டவ் தணிந்திருக்க வேண்டும்.

பெரும்பாலான குகைகளுக்கு வாசல் ஒன்றுதான். அதனால் இரவில் கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவைப்போம், சமையலறைப் பக்கம் வழியை மறித்துப் பெட்டிகளை அடுக்க மாட்டோம். அவசர எண் 112. குவாடிக்ஸிலும் பாசாவிலும் மருத்துவமனைகள் உண்டு.

பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் காலையில் மட்டும்.

குவாடிக்ஸில் குகைக் குடியிருப்பின் நடுவே ஒரு சின்ன அருங்காட்சியகமும், குன்றுக்குள் போகும் ஒரு தேவாலயமும் இருக்கின்றன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெத்ரோ பொவேதா என்ற பாதிரியார் குகைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியது இந்தக் குன்றில்தான். 2003-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

கலேரா அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். பக்கத்தில் காஸ்தெயோன் ஆல்தோ என்ற வெண்கலக் காலக் குடியிருப்பில் 2002-இல் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். அடைத்த வாய் அப்படியே இருந்ததால் உள்ளே இருந்த மனிதனின் பின்னிய முடியும் தாடியும் மக்காமல் இருந்தன. பக்கத்தில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று. சுமார் மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள். எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் என் மகள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் பேசாமல் நின்றாள்.

ஓர்சேயின் கதை வேறு ரகம். 1982-இல் அங்கே ஒரு மண்டையோட்டுத் துண்டு கிடைத்து, ஐரோப்பாவின் ஆதி மனிதன் என்று கொண்டாடினார்கள். இரண்டு வருடத்தில், அது கழுதைக் குட்டியுடையதாக இருக்கலாம் என்று கிளம்பியது சர்ச்சை. பல வருடம் ஊரே கேலிக்கு ஆளானது. பின்னால் அதே பகுதியில் சுமார் 14 லட்சம் ஆண்டு பழமையான குழந்தையின் பால் பல் ஒன்று கிடைத்து, மானத்தை மீட்டது. அங்கத்து அருங்காட்சியகம் சின்னது, பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

நீந்த வேண்டும் என்றால் நெக்ரத்தீன் நீர்த்தேக்கம். மண் மலைகளுக்கு நடுவே பச்சை நீலத் தண்ணீர், பார்த்தால் கணினியில் வண்ணம் போட்ட மாதிரி இருக்கும். கோராஃபேயில் இருநூறுக்கும் மேற்பட்ட கற்திட்டைகள் பள்ளத்தாக்கு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. நம் பக்கத்துப் பாண்டவர் குழிகளைப் பார்த்தவர்களுக்கு அந்நியமாகத் தோன்றாது. கிரானடாவின் அல்ஹம்ப்ராவுக்குப் போவதானால் வாரங்களுக்கு முன்பே சீட்டு எடுங்கள், பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே. வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று போய் நாங்கள் சுற்றுச்சுவரைப் பார்த்துவிட்டு வந்தோம்.

இரவுக்கு எதுவும் திட்டம் வேண்டாம். அந்தப் பக்கத்து அல்மேரியா மலையில், 2,168 மீட்டர் உயரத்தில், காலார் ஆல்தோ வானாய்வுக்கூடம் இருப்பது சும்மா இல்லை. பிளாசெத்தா விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்திருந்தால் பால்வீதி தெரியும்.

நிஜமாகவே அமைதியாக இருக்குமா?

உள்ளே, ஆமாம். வெளியே நாய் குரைக்கும், காலையில் ரொட்டி வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு வரும், கோடை இரவில் பாட்டிமார் ஒரு மணி வரை தெருவில் நாற்காலி போட்டுப் பேசுவார்கள். கதவைச் சாத்தினால் ஒன்றும் கேட்காது. இந்தப் பேச்சே அமைதியின் ஒரு பகுதிதான் என்பது என் கட்சி.

செப்டம்பர் 6-உம் 9-உம் மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். காஸ்காமோர்ராஸ் திருவிழா. குவாடிக்ஸிலிருந்து ஒருவர் பாசாவுக்குப் போய் அங்குள்ள மாதா சிலையை மீட்டுவர வேண்டும். உடம்பில் ஒரு பொட்டுக் கறைகூடப் படாமல் கோயிலை எட்டினால் சிலை அவருடையது. பாசாக்காரர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு 6-ஆம் தேதி அவர்மேல் கரிய வண்ணத்தைப் பூசிவிடுவார்கள். வெறுங்கையோடு திரும்பியவரை 9-ஆம் தேதி சொந்த ஊர்க்காரர்களும், தோற்று வந்ததற்காகப் பூசுவார்கள். பாவம், இரண்டு பக்கமும் அடி. பழைய துணி இருந்தால் போங்கள், அமைதி வேண்டுமானால் அந்த வாரத்தைத் தவிருங்கள்.

சும்மா இருக்க ஏற்ற மாதங்கள் ஏப்ரல், மே, செப்டம்பர் கடைசி, அக்டோபர். பிப்ரவரியில் வாதுமை பூத்திருக்கும், பின்னால் சியர்ரா நெவாடா மலையில் பனி.

இந்தியாவிலிருந்து நேரே வருகிறவர்களுக்கு விசா?

ஷெங்கன் விசா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்குக் கீழே இலவசம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவப் பயணக் காப்பீடு வேண்டும். தங்குமிடச் சான்றுக்கு வீட்டுக்காரர் அனுப்பும் உறுதிக் கடிதத்தில் முழு முகவரியும் எல்லோர் பெயரும் இருக்கட்டும். குகைகளின் முகவரி சில சமயம் தெருப் பெயரும் எண்ணும் மட்டும்தான், அது போதும். ‘குகை’ என்று போட்டிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம்.

கிளம்பும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

சாம்பலை அள்ளி இரும்பு வாளியில் போட்டு முற்றத்தில் வைக்க வேண்டும், சூடு ஆறியிருந்தாலும் பிளாஸ்டிக் பையில் கூடாது. குப்பையைத் தெருமுனைத் தொட்டியில் போட வேண்டும். ஃபிரிட்ஜைக் காலிசெய்து, உள் அறைத் திரைகளை எல்லாம் ஒதுக்கிக் கட்டிவிட வேண்டும், காற்று போய் வர. கலேராவில் எங்களிடம் சாவியை வாங்க வீட்டுக்காரர் வரவில்லை. பக்கத்துப் பாட்டியிடம் கொடுத்துவிடச் சொன்னார். கொடுக்கப் போனபோது பாட்டி என் கையிலிருந்த மிச்சச் சாம்பார் பொடி டப்பாவைக் காட்டி, “இது என்ன, இருமல் மருந்தா?” என்று சைகையில் கேட்டார். அதையும் கொடுத்துவிட்டு வந்தோம்.